ஆறாவது பாட்டு

ஜனவரி 14

அன்புள்ள தவளைக்கு,

அண்ணி எழுதுவது. கை கால் சுகத்தோடு வந்து சேர்ந்துவிட்டேன். நீயும் உன் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? நான் இல்லாத வீட்டில் யார் முதலில் எழுந்து பால் வாங்குகிறீர்கள் என்று அறிய ஆவல்.

மூன்று நாள் பயணத்தில் இடுப்பு இடுப்பாகவே இல்லை. விடுதி தொழிற்சாலைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அறைக்கு மூன்று பேர். ஒருத்தி களிமண் பிசைகிற பகுதி, ஒருத்தி சூளை, நான் பரிசோதனை. மூவருக்கும் ஒரே ஜன்னல், அதுவும் பாதிதான் திறக்கும். என்னிடம் முப்பது பெண்களை ஒப்படைத்திருக்கிறார்கள். பீங்கான் தட்டை விரல் நுனியில் ஏந்தி, ஓரத்தில் மரக்குச்சியால் மெல்ல அடித்துக் கேட்க வேண்டும். நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ‘டப்’ என்று செத்துவிடும். ஒன்றரை வருஷத்தில் இதைப் பழக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். முதல் நாளே ஒரு பெண் கேட்டாள்: “எல்லாம் ஒரே சத்தமாத்தானே இருக்குக்கா?” “கல்யாணமான புதுசுல எனக்கும் என் நாத்தனார் பாட்டெல்லாம் ஒரே சத்தமாத்தான் இருந்துச்சு. பழகிடும்” என்றேன். கோபித்துக்கொள்ளாதே.

சூளைக்காரியிடம் கேசட் போடுகிற பெட்டி இருக்கிறது. நீ பதிவு செய்வதை அவ்வப்போது அனுப்பு. உன் பாட்டுக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைத்துத் தலை கனத்துவிடாதே. உன் அண்ணன் அதில் தாளம் போடுவாரே, அதற்காகவும்தான். இந்தக் கல்லுளிமங்கனைக் கட்டிக்கொண்ட பதினோரு வருஷத்தில் அவர் எனக்கு எழுதியது இரண்டே இரண்டு சீட்டு. ஒன்றில், ‘சாவி பூத்தொட்டியில்.’ இன்னொன்றில், ‘சாவி வழக்கமான இடத்தில்.’

இந்த வேலைக்குப் போ என்று சொன்னவர் அவர்தான். நான் ஆசைப்பட்டதும் உண்மைதான். ஆனால் இங்கே அறைக் கதவை யார் தட்டினாலும் நான் மட்டும்தான் எழுந்து போகிறேன். மற்ற இருவருக்கும், தங்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் எழுந்துவிடுகிறேன்.

உள்ளே தனியாக மடித்து ஒட்டியிருக்கும் தாள் அவருக்கு. பிரித்துப் பார்க்காதே. பதில் எழுதச் சொல், நாலு வரி போதும். தாளம் போடுகிறேன் என்று என் மேஜை இழுப்பறையை உடைத்துவிட வேண்டாம் என்றும் சொல்.

தொண்டையைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

தவளை வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது? பால் நான்தான் வாங்குகிறேன். இரண்டு நாள் பொங்கி வழிந்தது. மூன்றாம் நாள் அண்ணன் அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, ஏறுகிறதையும் இறங்குகிறதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்துவிட்டு ஐந்தரைக்கு வந்ததும் பதிவுதான். முன்பு மாதிரியே உங்கள் துணி அலமாரியைத் திறந்து, அதற்குள் முகத்தை நீட்டிப் பாடுகிறேன். ஆனால் உங்கள் துணிகள் போன பிறகு குரல் பலகையில் மோதித் திரும்பி வருகிறது. அண்ணன் தன் சட்டைகளையும் போர்வைகளையும் தொங்கவிட்டுப் பார்த்தார். கேட்டுவிட்டு, “உங்க அண்ணி துணி அளவுக்கு இது சத்தத்தைக் குடிக்கலை” என்றார். அது அவர் பாஷையில் ஒரு முழுப் பக்கக் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். பதில் எழுதச் சொன்னேன். “எழுதறேன்னு எழுது” என்றார்.

இந்த முறை எட்டுப் பாட்டு. எந்தக் கம்பெனி வாசலுக்கும் போகப்போவதில்லை. எழுதுவது, மெட்டுப் போடுவது, கிட்டார், நகல் எடுப்பது, அட்டை ஒட்டுவது எல்லாம் நானே. போன கேசட்டை எண்பது பேர் வாங்கினார்கள், அதில் பதினொருவர் நம் சொந்தக்காரர்கள். இந்த முறை சொந்தம் இல்லாத நூறு பேர் கேட்க வேண்டும் என்று ஆசை.

அண்ணி, ஒரு குற்றம் செய்துவிட்டேன். கதவு தட்டுவது பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் ஒரு பத்திரத்தைத் தப்பும் தவறுமாக அடித்தேன். வீட்டுக்கு வந்ததும் பாட்டாகிவிட்டது.

கதவு தட்டினா எழுந்திருக்கேன்
காத்துதான்னு தெரிஞ்சிருந்தும்
எழுந்த காலு ஏமாந்து நிக்கும்
இன்னொரு தட்டு கேட்டா போகும்

இதனுடன் வருகிற கேசட்டில் மூன்றாவது அதுதான். கோபமா?

பதிலை எதிர்பார்க்கும்,
தவளை

*

பிப்ரவரி 25

அன்புள்ள தவளைக்கு,

நலம், உன் பாட்டைக் கேட்டதால் கூடுதல் நலம். உங்கள் இருவரின் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லையே?

மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டோம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் சூளைக்காரி மூக்கை உறிஞ்சினாள். “இந்தப் பாட்டுல வர்ற பொம்பளை பாவம்க்கா, யாரு அது?” என்றாள். “யாரோ, தெரியலையே” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாடு. என் வாயால் வராதது உன் வாயால் வந்தால் எனக்கும் நல்லதுதான்.

உன்னிடம் சொல்ல என்ன, நான் அதிகம் கேட்டது உன் குரலை அல்ல. உன் அண்ணன் இழுப்பறையைக் கவிழ்த்து வைத்துத் தட்டும்போது, வலது கைக் கல்யாண மோதிரம் மரத்தின் ஓரத்தில் பட்டு ஒரு ‘டிக்’ வருமே, அதை. போன முறை நீ அதற்காக அவரோடு சண்டை போட்டாய்: “மோதிரத்தைக் கழட்டிட்டு வாசிண்ணா, பதிவு கெடுது.” அவர் “கழட்டறதில்லை” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் சமையலறையில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன், உனக்குத் தெரியாது. இப்போது கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு அந்த ‘டிக்’ வருகிற இடங்களை எண்ணி வைத்திருக்கிறேன். மூன்று பாட்டிலும் சேர்த்து நாற்பத்தேழு.

அவருக்கு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். இதற்காவது பதில் வேண்டும். எழுதக் கை வலித்தால் ஒரு கோடு போட்டு அனுப்பட்டும், நான் படித்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அண்ணி

*

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். அலுவலகத்தில் வேலை அதிகம். நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அண்ணனுக்கும் வேலை. ஒரு பெரிய கட்டடத்தில் புதிதாக நாலு லிஃப்ட் பொருத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை. அதனால் விடுதித் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டு வீணாகக் காத்திருக்காதீர்கள். அவர் தொலைபேசியில் பேசுகிற அழகுதான் உங்களுக்குத் தெரியுமே. ‘கேக்குதா, கேக்குதா’ என்று இரண்டு முறை கத்திவிட்டு வைத்துவிடுவார்.

நாலாவது, ஐந்தாவது பாட்டு இதில் இருக்கிறது. கேட்டுச் சொல்லுங்கள்.

அடிக்கடி எழுதுங்கள் அண்ணி. நீளமாக எழுதுங்கள். அங்கே என்ன பார்க்கிறீர்கள், எதை நினைத்துக்கொள்கிறீர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

தவளை

*

ஏப்ரல் 28

அன்புள்ள தவளைக்கு,

நீ சுகமா? அவர் சுகத்தையும் கேட்டேன் என்று சொல். எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. வேறொன்றும் இல்லை.

இரண்டு பாட்டும் கேட்டேன். இழுப்பறை அதேதான், சந்தேகமில்லை. தட்டுகிற கை யாருடையது? தாளம் துளி பிசகவில்லை, அதுதான் கோளாறு. உன் அண்ணன் இரண்டாவது அடிக்குப் போகும்போது படியில் கால் வைக்கிறவர் மாதிரி கொஞ்சம் தயங்குவார். இது ஓடுகிறது. ‘டிக்’ ஒன்றுகூட இல்லை. நாலு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். சூளைக்காரி பெட்டியையே என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அவர் மோதிரத்தைக் கழற்றிவிட்டாரா? நான் வந்ததில் கோபமா? வாய் திறந்து போ என்று சொன்ன மனிதர், மனதுக்குள் போகாதே என்று சொல்லியிருந்தால் அது எனக்கு எப்படிக் கேட்கும்? முப்பது பேருக்குக் காது பழக்க வந்தவளுக்கு வீட்டுக்காரர் மனதில் என்ன என்று கேட்கவில்லை. நல்ல கூத்து.

உள்ளே இருக்கும் தாளை அவர் கையில் கொடு. படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்.

அண்ணி

(உள்ளே தனியாக மடித்து ஒட்டிய தாள்)

உங்களுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இங்கே கடைத்தெருவுக்குப் போகிற பஸ்ஸுக்கு நிற்பேன். நிறுத்தத்தில் ஒருவர் நிற்பார். உங்கள் உயரம். கருவிப் பை தூக்கித் தூக்கி உங்களுக்கு ஒரு தோள் இறங்கியிருக்குமே, அவருக்கும் அதே மாதிரி. பின்கழுத்தில் முடி அதே மாதிரி சுழித்திருக்கிறது. நான் அவருக்குப் பின்னால்தான் நிற்பேன். முன்னால் போய்ப் பார்க்க மாட்டேன். பார்த்துவிட்டால் நீங்கள் இல்லை என்று ஆகிவிடும். பார்க்காதவரை நீங்கள்தான். என் பஸ் வரும். போகட்டும் என்று விட்டுவிடுவேன். போன வாரம் மூன்று பஸ்ஸை விட்டேன். அவர் திரும்பிவிடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொள்வேன்.

நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண் செய்கிற காரியமா இது? நேரில் இதையெல்லாம் சொன்னவள் இல்லை நான். நீங்களும் கேட்டவர் இல்லை. கோபம் இருந்தால் கோபம் என்று எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

*

மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சளி முழுவதும் போய்விட்டதா? வெந்நீர் குடியுங்கள். இங்கே எல்லோரும் நலம்.

அண்ணனுக்கு உங்கள்மேல் கோபம் எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை. மோதிரம் தளர்ந்துவிட்டது. லிஃப்ட் குழியில் விழுந்துவிடும் என்று கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார். வேலை அதிகம் என்பதால் அந்த இரண்டு பாட்டுக்கும் டிரம் வாசிக்கிற நண்பர் ஒருவரை வரவழைத்தேன். அவர் அண்ணன் மாதிரியே வாசிக்க ஒரு வாரம் பழகினார். உங்கள் காதுக்கு முன்னால் செல்லவில்லை.

நாலாவது பாட்டைத் தாளமே இல்லாமல், வெறும் கிட்டாரோடு மறுபடி பதிவு செய்து அனுப்புகிறேன். ஆறாவது பாட்டும் வந்துவிட்டது. உங்கள் கடிதம் கிடைத்த அன்றே வந்தது. அதை இப்போது அனுப்பவில்லை. நான் இதுவரை எழுதியதிலேயே அதுதான் நல்ல பாட்டு என்று நினைக்கிறேன்.

அண்ணன் எழுதுவார். கொஞ்சம் பொறுங்கள்.

தவளை

*

ஜூன் 9

தவளைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை ஒப்புக்குக் கேட்கவில்லை.

யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறாய்? அந்த மோதிரம் சோப்புப் போட்டு இழுத்தாலும் வராது. ஒருமுறை இழுத்துப் பார்த்தவள் நான்தான், விரல்தான் கையோடு வந்திருக்கும். அது தளர்ந்தது என்றால் மனிதர் பாதியாக இளைத்திருக்க வேண்டும்.

நீ அனுப்பிய கேசட்டில் நாலாவது பாட்டு முடிந்த பிறகு, நீ பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் டேப் கொஞ்ச நேரம் ஓடுகிறது. அதை நீ கேட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நாற்காலி நகர்கிறது. பிறகு அவர் பேசுகிறார். “நல்லா வந்துச்சு” என்கிறார். ஆனால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. ‘நல்லா’வுக்கும் ‘வந்துச்சு’க்கும் நடுவில் நான் ஒரு முழு மூச்சு எடுத்து விடலாம். நீ “ம், சரிண்ணா” என்கிறாய், குழந்தையிடம் பேசுகிற குரலில்.

அவர் குடிக்கிறவர் இல்லை. ஞாயிறும் வேலை என்றாய், வேலைக்குப் போகிறவர் குரல் இல்லை இது.

அவருக்கு என்ன? எழுது. அழகாக எழுத வேண்டாம். என்ன நடந்ததோ அதை எழுது.

அண்ணி

*

ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஒரு வகையில் மூச்சு வந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 4, காலை. அண்ணன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தோம். விரல் வீங்கிவிட்டதால் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். அப்போது இடது கையால் நர்ஸைத் தள்ளிவிட்டார், அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. உயிருக்கு ஆபத்து இல்லை. இப்போது தடியோடு வாசல்வரை நடக்கிறார். ஒரு பெண் வந்து பயிற்சி சொல்லித்தருகிறாள். வலது கை மடியில் கிடக்கிறது.

உங்கள் இரண்டாவது தாள் மருத்துவமனையில் இருந்தபோதுதான் வந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் படித்தேன். ஒரு கோடு போட்டாலும் போதும் என்று எனக்கு எழுதியிருந்ததையும் சொன்னேன். பென்சில் கேட்டார். இடது கையில் பிடிக்க முடியாமல் கீழே போட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் முழுசாகச் சொன்ன முதல் பேச்சு: “அவகிட்ட சொல்லாதே. வந்துடுவா. அவ ஆசைப்பட்டுப் போன வேலை.” அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கையிலிருந்த காபி ஆறிப்போயிற்று. அவர் வேலை செய்கிற இடத்தில், அக்கம்பக்கத்தில், எல்லோரிடமும் சத்தியம் வாங்கிவைத்தேன்.

அண்ணி, இதோடு முடித்தால் நான் நல்ல தங்கை. ஆனால் இது பாதிதான்.

மீதிப் பாதி இது. நீங்கள் வந்துவிட்டால் கடிதம் நின்றுவிடும். உங்கள் கடிதம் வந்தால் எனக்குப் பாட்டு வருகிறது, வேறு எதிலிருந்தும் வரவில்லை. அண்ணன் ‘சொல்லாதே’ என்றதும் எனக்கு அழுகை வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. நிறைய எழுதுங்கள் என்று நான் கேட்டது அதற்காகத்தான். ஏப்ரல் மாதம் நீங்கள் ஒட்டி அனுப்பிய தாளை ஆவி காட்டிப் பிரித்தேன். பஸ் நிறுத்தத்தைப் படித்தேன். அண்ணனிடம் கொடுக்கவில்லை. படித்தால் உடைந்துபோவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயிற்சிக்காரப் பெண் அவரை வாசல்வரை நடத்திக்கொண்டு போன நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு ஆறாவது பாட்டைப் பதிவு செய்தேன். ‘முகம் காட்டாதே, முகம் காட்டாதே, இன்னும் ஒரு பஸ் போகட்டும்.’ அவருக்குக் கோபமா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் நீங்கள் அங்கே தவிப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நாலு முறை திருத்திப் பாடினேன்.

டேப்பை அழித்துவிடு என்று ஒரு வார்த்தை எழுதினால் அழித்துவிடுகிறேன்.

உங்களுக்கு எந்த முகத்தோடு வணக்கம் சொல்வது என்று தெரியவில்லை.

தவளை

*

ஜூலை 5

தவளைக்கு,

புறப்படுகிறேன். “வேலையை விட்டுப் போறீங்களா?” என்று மேலாளர் கேட்டார். “போறேன்” என்றேன். முப்பதில் பதினாறு பேருக்குத்தான் காது பழகியிருக்கிறது.

மார்ச்சிலிருந்து நான் படுக்கையில் கிடந்த ஒரு மனிதனோடு கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் வலியில் இருந்தபோது நான் இங்கே மோதிரத்துக்குக் கணக்குக் கேட்டிருக்கிறேன். அந்த நாலு மாதத்தை எனக்கு யார் திருப்பித் தருவது? நீங்கள் இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், ஒன்றாகக் கூடி முடிவெடுத்தீர்கள். சரி. நான் யார்?

டேப்பை அழிக்காதே. அழித்துவிட்டு, பாவம் தீர்ந்தது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவாய்.

நான் வருகிறேன் என்று அவரிடம் இன்றைக்கே சொல். ஒளிக்காமல் சொல்.

அண்ணி

*

செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணன் இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறார்? வலது கையில் ஏதாவது அசைவு தெரிகிறதா?

நீங்கள் வந்து இறங்கிய அன்று திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். “சாப்பிட்டியா?” என்று கேட்டீர்கள். ஏழு வாரம் தினமும் அதையே கேட்டீர்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நல்ல சண்டை போட்டிருந்தால் நான் வீட்டைவிட்டு வந்திருக்க மாட்டேன்.

இங்கே ஒரு அச்சகத்தில் டைப் அடிக்கிறேன். மாடியில் ஓர் அறை, கீழே இயந்திரம் ஓடுகிற நேரமெல்லாம் தரை அதிரும். சனிக்கிழமைகளில் ஒரு சின்ன அரங்கில் பாடுகிறேன். நாற்பது பேர் வருகிறார்கள், ஒருவர்கூடச் சொந்தம் இல்லை. கதவுப் பாட்டை மறுபடி கேட்கிறார்கள். பாடி முடித்துக் கைதட்டும்போது உங்கள் முகம் ஞாபகம் வருகிறது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கிட்டாரைப் பார்த்துக்கொள்கிறேன்.

எட்டுப் பாட்டும் தயார். நகல் எடுக்க வேண்டியதுதான். ஆறாவதை மட்டும் இதுவரை யார் முன்னாலும் பாடவில்லை. அதைத் தனிக் கேசட்டில் அனுப்பியிருக்கிறேன். நான் பிரித்த தாளும் இதில் இருக்கிறது. அண்ணனுக்குச் சேர வேண்டியது நடுவழியில் என்னிடம் மாட்டிக்கொண்டது. அவர் கேட்ட பிறகு நீங்கள் முடிவு சொல்லுங்கள். சேர்ப்பதா, விடுவதா? நீங்கள் பதிலே எழுதாவிட்டால் ஏழு பாட்டோடு வெளியிடுவேன்.

உங்களுக்கும் அண்ணனுக்கும் என் அன்பு. வீட்டு ஞாபகமாக இருக்கிறது. இதை எழுதத்தான் மூன்று தாள் கிழிந்தது.

தவளை

*

அக்டோபர் 30

அன்புள்ள தவளைக்கு,

நாங்கள் நலம். அந்த மாடி அறையில் காற்று வருமா? தரை அதிர்வது முதுகுக்கு நல்லதல்ல, கட்டிலை மூலையில் போட்டுக்கொள். உன் அண்ணன் தெரு முனைவரை நடக்கிறார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்கிறது. மற்ற நாலும் அவரைப் போலவே பிடிவாதம். நான் முன்பு இங்கே வேலை பார்த்த தொழிற்சாலைக்கே போகிறேன், பழைய மேஜைக்கே.

ஆறு வாரமாக ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். கேசட்டும் தாளும் வந்த அன்றே எடுத்து வைத்தேன். போடத் துணிவில்லை. உன்னைக் கோபித்துக்கொள்கிறேனே, என் வாய் மட்டும் என்ன வாழ்ந்தது? ஜூலையில் வந்தவள், மாத்திரை, பயிற்சி, குளியல், சாப்பாடு என்று ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து ஒரு வார்த்தை வரவில்லை. உன்னிடம் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டேனே, அவரிடமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்மேல் கோபம் இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும். அதற்காக வீட்டுக்கு வராமல் இருக்காதே. வா, வந்து சண்டை போடு.

நேற்றுச் சாயங்காலம் போட்டேன். அவர் நாற்காலியில், நான் அவர் கையைப் பிசைந்துவிட்டபடி கீழே. நல்ல பாட்டு. உன்னைத் திட்டிக்கொண்டேதான் அழுதேன். அவர் அசையாமல் கேட்டார். முடிந்ததும், “இது உன் பேச்சு” என்றார்.

“ஆமா.”

“எனக்கா?”

“வேற யாருக்கு?”

“எப்ப?”

“ஏப்ரல்ல.”

இடது கை விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார். மே, ஜூன், ஜூலை என்று வந்து ஐந்து விரலும் தீர்ந்துவிட்டது. இன்னொரு கையைப் பார்த்தார். நான் என் விரலை நீட்டினேன். அதைப் பிடித்து ஆறாவது மாதத்தை எண்ணிக்கொண்டார். விடவில்லை.

பாட்டைச் சேர்த்துக்கொள். ஆறாவதாகவே இருக்கட்டும். போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது, இனி யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

“இன்னொரு தடவை போடட்டுமா?” என்று கேட்டேன். தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிற ஆட்டல். தாளை எடுத்து நீட்டினேன், அதையும் வாங்கவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“பாட்டு வேணாம். காகிதம் வேணாம். நீ சொல்லு.”

சொன்னேன். தாளில் இருந்ததைவிட அதிகமாகவே சொன்னேன். அந்த அதிகத்தை உனக்கு எழுத மாட்டேன்.

அன்புடன்,
அண்ணி